முந்திக் கேட்ட வார்த்தை

பாளையங்கோட்டையில் சர்ச்சுக்கு இரண்டு பேராவது கிடார் வாசிப்பார்கள். அவர்களில் வாயைத் திறக்காமலேயே பேர் வாங்கியவன் ஜெபசிங் ஒருவன்தான். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பது போக, விலை குறைந்த இசைச் சாமான்களை வாங்கிவந்து, வாசித்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று வீடியோ போடுவான். வீடியோவில் ஒரு வார்த்தை பேச மாட்டான். பத்து நிமிடம் வாசிப்பான். முடிந்ததும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவான். 'தாராளமாக வாங்கலாம்' என்று இருக்கும். சில நாள் 'வாங்கினால் நீங்கள் தைரியசாலி' என்றிருக்கும்.

பார்க்கிறவர்கள் இதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள். ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஜெபசிங்குக்குத் திக்குவாய். முப்பத்துநான்கு வயதுக்குள் அதோடு சமாளித்துப் போகிற தந்திரம் எல்லாம் கற்றிருந்தான். பஸ்ஸில் 'முருகன்குறிச்சி' என்ற சொல் வாயை விட்டு வெளியே வராமல் மல்லுக்கு நின்றால், லேசாக வருகிற 'சமாதானபுரம்' என்பதைச் சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வெயிலில் திரும்ப நடந்து வருவான். கால் வலித்தாலும் மானம் மிஞ்சும்.

அவனுக்கு மலையாக நின்ற எழுத்து 'ஹ'. அப்படிப்பட்டவனுக்கு வீடியோ எடுத்துத் தருகிறவள் பெயர் ஹெப்சிபாவாகவா இருக்க வேண்டும்? இருந்தது. குழுவில் பாடுகிறவள், பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கீபோர்டுக்காரர், தபலாக்காரர், மைக் செட்டுக்காரர் எல்லாரும் அவளுக்கு 'அண்ணே'. இவன் மட்டும் 'ஜெபசிங்'. இந்த ஒரு விஷயத்தை இரண்டு வருடமாக அவன் மனசுக்குள் பொத்திப் பொத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கிடாரில் இரண்டு கம்பிகளைச் சுண்டுவான், அவள் திரும்பிப் பார்ப்பாள். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் இசக்கிராஜ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். இசக்கிராஜ் கூடப் படித்தவன், வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறான். பெட்டி உள்ளங்கை அளவு, பச்சைப் பெயின்ட், மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். டிலே பெடல். கிடாரின் சத்தத்தை வாங்கி, கொஞ்சம் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தருகிற சாமான். கம்ப்யூட்டர் மூளை வைத்த பெட்டிகள் வாசித்ததை அச்சு அசலாகத் திருப்பித் தரும். இது அனலாக். திரும்பி வருகிற ஒவ்வொரு தடவையும் சத்தம் சற்று மங்கி, ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி வரும். அந்த மங்கலுக்காகவே சொத்தை எழுதிக் கொடுக்கிற ஆட்கள் உண்டு.

"வெளிநாட்டுப் பெட்டி வாங்குத காசுக்கு இதுல எட்டு வாங்கலாம்ல. நீ ஒரு வீடியோ மட்டும் போட்டு விடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றான் இசக்கிராஜ்.

"எ... எதக் க... க..."

"எதக் கழிச்சேன்னு கேக்க. ஒண்ணும் கழிக்கல. நல்லா ஓடும், போட்டுப் பாரு."

கழித்திருந்தான். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு மின்சாரம் தருகிற அடாப்டரில் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். இரண்டும் ஒரே துளையில் கச்சிதமாக நுழையும். கிடார்க்காரர்கள் எல்லாரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது மாற்றிச் சொருகிப் பெட்டியைப் புகைய விடுவார்கள். அதைத் தடுக்க உள்ளே ஒரு டயோடு இருக்கும். விலையைக் குறைக்கிற ஆவேசத்தில் இசக்கிராஜ் அதைத்தான் எடுத்துவிட்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம், மாடி அறையில் ஜெபசிங் தனியாக இருந்தான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். அவன் இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கிப் பெடலில் சொருகினான். புகை வரவில்லை. சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. கிடாரை மடியில் வைத்து, ஹெட்போனை மாட்டி, முதல் கம்பியைச் சுண்டக் கையை ஓங்கினான்.

சத்தம் வந்துவிட்டது. கை இன்னும் கம்பியைத் தொடவில்லை.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தான். மறுபடி கையை ஓங்கினான். மங்கலாக, ஆழத்திலிருந்து வருகிற மாதிரி ஸ்வரம் முதலில் கேட்டது. அப்புறம்தான் விரல் போய்க் கம்பியைச் சுண்டியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீரில் காலை வைக்கிற மாதிரி இருந்தது. வாசிக்க வாசிக்க எது முன்னால் எது பின்னால் என்பது மறந்துபோயிற்று. அன்று அவன் எவ்வளவு நேரம் வாசித்தான் என்று அவனுக்கே தெரியாது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரையில் நீளமாகப் படுத்திருந்தது.

இசக்கிராஜை வரவழைத்துக் காட்டினான். அவன் அடாப்டரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பியைச் சுண்டினான், அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான்.

"தண்ணி லாரி வந்தா தெருவே வரிசையா நின்னு குடத்தக் கை மாத்தி விடுவோம்லா? இதுக்குள்ள இருக்க சிப்பு அதான். ஆயிரம் பேரு வரிசையா நிக்கான். சத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா மோந்து அடுத்தவன்ட்ட குடுக்கான். கடைசி ஆள் கைக்கு வாரதுக்கு மூணுல ஒரு செகண்டு ஆகுது. அதான் எதிரொலி."

"இப்ப?"

"இப்ப கரண்ட மாத்திக் குடுத்திருக்கே. வரிசை திரும்பி நிக்குன்னு வச்சுக்கோ. லாரி வாரதுக்கு மூணுல ஒரு செகண்டு முந்தியே கடைசி வீட்டுல குடம் நெறஞ்சிருது." இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். "சொல்லும்போது சரியாத்தான் இருக்கு. ஆனா புகையத்தானல செய்யணும்!"

கடைக்குப் போய் அதேமாதிரி பதினொரு பெட்டிகளுக்கு மாற்றிக் கரன்ட் கொடுத்துப் பார்த்தான். பதினொன்றும் முறைப்படி புகைந்தன.

இசக்கிராஜுக்குத் தெரியாமல் ஜெபசிங் வேறொன்று செய்து பார்த்தான். கிடாரைக் கழற்றிவிட்டு மைக்கைச் சொருகினான். ஹெட்போனை மாட்டி, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தான். எந்த வார்த்தையை முயல்வது என்று அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"ஹெப்சி" என்று காதில் கேட்டது. மங்கலான குரல், அவனுடைய குரல், கொஞ்சமும் தடுக்காத குரல். அவன் வாய் தானாகப் போய் அதோடு சேர்ந்துகொண்டது. "ஹெப்சி" என்றான்.

சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது அவன் ஒருநாளும் திக்கியதில்லை. அப்படிச் சேர்ந்து சொல்லும்போது திக்குவாய்க்காரர்கள் யாரும் திக்க மாட்டார்கள். நாலு பேர் குரலோடு சேர்ந்து போகிற வார்த்தைக்குத் தடை கிடையாது. இப்போது அந்த நாலு பேராகவும் அவனே இருந்தான். அவன் முன்னால் போய்ச் சொன்னதை அவனே பின்னால் வந்து சேர்ந்து சொன்னான். முருகன்குறிச்சி என்றான். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றான். தன் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு கனவு. சட்டைக் காலரில் குட்டி மைக், இடுப்புப் பையில் பெட்டியும் அதற்கு மாற்றிச் சொருகிய பேட்டரியும், ஒரு காதில் இயர்போன். "காதுல எதிரொலி கேட்டா திக்காதாம், டாக்டர் சொன்னாரு" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தான். முந்தி வருகிற எதிரொலி என்பதை மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் முருகன்குறிச்சிக்கே டிக்கெட் வாங்கினான். காய்கறிக்காரம்மாவிடம் பேரம் பேசினான், தேவையே இல்லாமல். வீடியோவில் முதல்முறையாகப் பேசியபோது, பேசாத அண்ணன் பேசிவிட்டார் என்று ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து வாழ்த்தினார்கள்.

ஹெப்சிபாவோடு பேசினான். அதுதான் கனவின் நடுப்பகுதி. வீடியோ எடுத்து முடித்ததும் மாடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசுவார்கள். பள்ளிக்கூடத்துக் கதைகளை அவள் சொல்வாள். அவன் கேலி பண்ணுவான். அவள் சிரிப்பதற்கு மூன்றில் ஒரு நொடி முன்னால், அவள் சிரிப்பு ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து அவன் காதில் கேட்கும். ஒவ்வொரு சிரிப்பும் அவனுக்கு இரண்டு தடவை கிடைத்தது. அந்த நாட்களில் ஜெபசிங்கைவிடப் பணக்காரன் திருநெல்வேலி ஜில்லாவில் கிடையாது.

ஆனி மாதக் கடைசியில் இசக்கிராஜ் வந்து பெட்டியைத் திருப்பிக் கேட்டான். திறந்து பார்க்க வேண்டும், உள்ளே எந்தச் சாலிடர் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் இன்னொன்று செய்ய முடியும் என்றான். அறையில் குழுவில் இருக்கிற நாலைந்து பேர் ஒத்திகைக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்ன மாதிரி எத்தன பேருக்கு ஆகும்னு பாரு. நீ மட்டும் பேசினாப் போதுமால? ரெண்டே நாள். பத்திரமாத் தாரேன்."

ஜெபசிங்கின் காதில் அவனுடைய குரலே முந்திக் கேட்டது. அது சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டான். ஆனால் வாய் அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டது.

"உன் கையில குடுத்தா இதுவும் புகைஞ்சிரும். நீ செஞ்ச எது இதுவரைக்கும் உருப்பட்டிருக்கு?"

இசக்கிராஜின் முகம் கறுத்துப்போயிருந்தது.

"இத நீ மனசுக்குள்ள நெனச்சிருப்பே. நானும் உன்னப் பத்தி எவ்வளவோ நெனச்சிருக்கேன்" என்றான். "பழைய ஜெபசிங்கா இருந்தா 'உன்'னு தொடங்கி முடிக்கதுக்குள்ள என் மூஞ்சியப் பாத்து மனசு மாறியிருப்பான். வேற வார்த்தையத் தேடியிருப்பான். அவன்தாம்ல நல்லவன்."

படியிறங்கிப் போய்விட்டான். பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க ஜெபசிங்குக்கு நா எழவில்லை. அன்று முழுக்க அவனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. முப்பது வருடமாகத் தன்னைச் சிறுமைப்படுத்திய திக்கல், இடையிடையே தன்னைக் காப்பாற்றியும் வந்திருக்கிறது என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வார்த்தை வாசலில் சிக்கிக்கொண்டு நிற்கிற அந்தச் சில நொடிகளில்தான், அதை அனுப்பலாமா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துவந்திருக்கிறான். பெட்டி வந்தபிறகு வாசலில் ஆள் இல்லை, மனசில் கிடந்ததெல்லாம் செருப்புக் காலோடு வெளியே போய்வந்தது. இனி முக்கியமான விஷயம் எதுவானாலும், காதில் விழுந்த கணமே வாயை இறுக மூடிவிட வேண்டும். யோசித்துவிட்டுத் தன் சொந்த வாயால்தான் பேச வேண்டும். அப்படி ஒரு தீர்மானம் செய்துகொண்டான்.

தீர்மானம் நல்ல தீர்மானம்தான். அதைச் செயல்படுத்த அவனுக்கு வாய்த்த நாள்தான் சரியில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு ஹெப்சிபா வந்தாள். பெட்டியில் பேச்சுக்குரல் எப்படி ஒலிக்கிறது என்று தனியாக ஒரு வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. சத்தத்தின் அளவு சரிபார்க்க, பெட்டியிலிருந்து இன்னொரு வயர் இழுத்து ஹெட்போனை அவளும் மாட்டிக்கொண்டாள். அதுவரை பெட்டியின் குரலை அவன் ஒருவன்தான் கேட்டு வந்தான். இன்று அவளும் கேட்பாள் என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை. காரணம், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வழக்கமான முகமாக இல்லை.

கேமராவைச் சரிசெய்துகொண்டே அவள் சொன்னாள். "ஜெபசிங், எனக்கு ஒரு வேல வந்திருக்கு. சுற்றுலாக் கப்பல்ல பாடணும். ரெண்டு வருஷம். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சரின்னோ இல்லன்னோ சொல்லணுமாம்."

அவன் இயர்போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"அம்மா 'போ'ங்காங்க. டீச்சருங்க எல்லாம் 'போ'ங்காங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." கேமராவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

வெளியே வேப்பமரத்தில் காற்று புகுந்து புறப்பட்டது. அந்தச் சத்தம் அவன் காதில் முதலில் மங்கலாகவும், பிறகு தெளிவாகவும் கேட்டது. அதற்குப் பின்னாலேயே குரல் வந்தது.

"இங்கனயே இரு ஹெப்சி. எனக்கு நீ வேணும்."

அவன் வாயை இறுக மூடினான். பல்லைக் கடித்துக்கொண்டான். உதடுகள் ஒரு தடவை துடித்தன, அவ்வளவுதான். வார்த்தை வெளியே வரவில்லை. முதல் தடவையாகப் பெட்டியை ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவன் யோசித்தான். இரு என்று சொல்ல நான் யார்? கல்யாணப் பந்தலில் இரைச்சலுக்கு நடுவே பாடித் தொண்டை கட்டிக்கொள்கிறவளுக்குக் கடல் தாண்டி ஒரு வாய்ப்பு வருகிறது. ஒற்றை வார்த்தையில் அதைத் தடுத்தால் அவள் நின்றுவிடுவாள், அப்படித்தான் நிற்கிறாள். இசக்கிராஜிடம் நடந்தது இவளிடம் நடக்கக் கூடாது. இயர்போனைக் கழற்றினான். பெட்டியின் உதவியில்லாமல், தன் சொந்த வாயால், கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்தான்.

"ந... ந... நல்ல வே... வே..." கண்ணை மூடிக்கொண்டான். "வேல. வி... விட்டுராத. ச... ச... சரின்னு சொல்லிரு."

சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆயிற்று. நெற்றி வியர்த்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஹெப்சிபா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல வேற ஒண்ணு கேட்டுச்சு" என்றாள் மெதுவாக. "உங்க குரல்ல. உங்க வாய் அசையவே இல்ல."

ஜெபசிங்குக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சொல்லாத வார்த்தை அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அ... அது... பெ... பெ..."

"பெட்டியா?"

தலையை ஆட்டினான். பெட்டிதான், ஆனால் பெட்டியில் வந்தது நான்தான், மூன்றில் ஒரு நொடி முந்திய நான் என்று விளக்க வேண்டும். வாய் சரளமாக இருக்கிறவனுக்கே அதை விளக்கப் பத்து நிமிடம் ஆகும்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "பெட்டி தானாப் பேசுமா? அப்போ இந்த ரெண்டு மாசமா, அந்தச் சாயங்காலமெல்லாம், என்கிட்ட பேசினது..." முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள்.

"பெட்டி சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஜெபசிங். அத நான் ஏன் மறைக்கணும்? ஆனா அது லேசா வந்திருச்சு. நீங்க சொன்னதுக்கு நீங்க பட்ட பாட்டக் கண்ணால பாத்தேன். அவ்ளோ கஷ்டப்பட்டு ஒருத்தர் பொய் சொல்ல மாட்டாங்க."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நீங்களே போன்னு சொல்லிட்டீங்க. போயிட்டு வாரேன்."

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. ஜெபசிங் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வாழ்நாள் முழுக்கத் திக்கித் திக்கி அவன் சொன்ன எதையும் யாரும் முழுசாக நின்று கேட்டதில்லை. திக்கித் திக்கி அவன் சொன்ன ஒரே ஒரு பொய்யை, அவன் உயிராக நினைத்தவள் நின்று நிதானமாகக் கேட்டு நம்பிவிட்டாள். எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே அவள் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினாள். ஒரே ஒரு வார்த்தை போதும். பெயரைக் கூப்பிட்டால் போதும்.

வாயைத் திறந்தான். 'ஹ' வந்து தொண்டையில் மலையாக உட்கார்ந்தது.

ஓடிவந்து இயர்போனை எடுத்துக் காதில் செருகினான். காலர் மைக்கைத் தொட்டுப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் குரல் முந்தி வந்து அவள் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்தான். அது சொல்லிவிட்டால் போதும், பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். காதில் லேசான இரைச்சல் மட்டும் இருந்தது. அவன் கூப்பிட்டால்தான் அது கூப்பிடும். அது கூப்பிட்டால்தான் அவன் கூப்பிடுவான்.

அவனும் பெட்டியும் அப்படி ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் கொண்டிருந்தபோது, ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி, மங்கலாக, ஒரு ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் அவன் காதில் கேட்டது.

கீழே ஹெப்சிபாவின் கட்டைவிரல் இன்னும் பட்டனை அழுத்தவில்லை. அவனுக்கு மூன்றில் ஒரு நொடி பாக்கி இருந்தது.